தேசியக் கொடி வாங்கப் போகிறீர்களா? கையில் டேப் இருக்கட்டும்

ஆகஸ்ட் முதல் வாரம் பிறந்துவிட்டால் ஃபேன்ஸி ஸ்டோர் வாசல், பேப்பர் கடை, ஆன்லைன் தளம், டிராஃபிக் சிக்னல் என்று எங்கே திரும்பினாலும் மூவண்ணம்தான். சில்லறைக் காசுக்கும் கொடி கிடைக்கிறது, ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் கொடியும் இருக்கிறது. "எல்லாம் ஒண்ணுதான் சார், மேல காவி, கீழ பச்சை" என்று கடைக்காரர் சுருட்டிக் கொடுத்துவிடுவார். விரித்து அளந்து பார்த்தால் பாதிக்கு மேல் தேறாது.

மிக்ஸிக்கோ செருப்புக்கோ விமர்சனம் எழுத உட்கார்ந்தால் எதை வைத்து மதிப்பிடுவது என்று முதலில் யோசிக்க வேண்டும். கொடிக்கு அந்த வேலை மிச்சம். 1947 ஜூலை 22 அன்று நேரு முன்மொழிந்து அரசியல் நிர்ணய சபை நிறைவேற்றிய தீர்மானமே அளவுகோல். நாலைந்து வரிதான். ஆழ்ந்த காவி, வெள்ளை, கரும்பச்சை மூன்றும் சம அளவில் கிடைமட்டமாக இருக்க வேண்டும். வெள்ளையின் நடுவே ராட்டையைக் குறிக்கும் வகையில் கருநீலச் சக்கரம். அது சாரநாத் அசோகர் தூணின் சிங்க முகட்டுக்குக் கீழே உள்ள பலகையில் செதுக்கிய சக்கரத்தின் வடிவம். அதன் விட்டம் வெள்ளைப் பட்டையின் அகலத்துக்கு ஏறக்குறைய சமம். கொடியின் அகலத்துக்கும் நீளத்துக்கும் விகிதம் 2:3. எழுதியவர்கள் தையற்காரரை மனதில் வைத்து எழுதினார்களோ என்று தோன்றும். நிறம் தவிர மற்ற எல்லாவற்றையும் டேப் வைத்தே சரிபார்த்துவிடலாம்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு, இன்று சந்தையில் கிடைக்கும் கதர், பாலியெஸ்டர், மேசைக் கொடி, காகிதக் கொடி ஆகியவற்றைப் பார்ப்போம்.

முதலில் சக்கரம்

எந்த வகையாக இருந்தாலும் சக்கரத்தில் தொடங்குங்கள். தரமில்லாத கொடி மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான்.

1931 ஆகஸ்டில் காங்கிரஸ் ஏற்றுக்கொண்ட கொடியில் இதே மூன்று நிறங்கள்தான், நடுவில் மட்டும் ராட்டை இருந்தது. 1947 ஜூனில் ராஜேந்திர பிரசாத் தலைமையில் கொடிக்கென ஒரு குழு அமைந்தது. ராஜாஜி, அம்பேத்கர், ஆசாத், சரோஜினி நாயுடு, முன்ஷி ஆகியோர் அதில் இருந்தார்கள். ராட்டையை வைத்துக்கொள்வதில் கருத்தைவிட வடிவத்தில்தான் சிக்கல். ராட்டைக்கு ஒரு பக்கம் சக்கரம், மறு பக்கம் நூல் சுற்றும் கதிர். கொடியை முன்னாலிருந்து பார்ப்பவருக்குக் கதிர் வலப்பக்கம் என்றால் பின்னாலிருந்து பார்ப்பவருக்கு இடப்பக்கம். கொடியின் சின்னம் இரு புறமும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பது மரபு என்று நேரு சபையிலேயே விளக்கினார். எனவே ராட்டையின் மற்ற பாகங்கள் போய், சக்கரம் மட்டும் நின்றது.

ஆக, இரு புறமும் ஒன்றுபோல் இருக்கத்தான் அந்தச் சக்கரமே வந்தது. அதில் கோட்டை விடும் கொடியை வாங்குவதில் அர்த்தமில்லை. சோதிப்பது எளிது. கொடியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நல்ல கதர்க் கொடியில் இரு புறமும் தனித்தனியாக அச்சிட்டிருப்பார்கள். முன்பக்க ஆரக்காலும் பின்பக்க ஆரக்காலும் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். அச்சு விலகியிருந்தால் ஒவ்வொரு ஆரக்காலுக்கும் பக்கத்தில் ஒரு நிழல் தெரியும். மலிவான பாலியெஸ்டரில் ஒரு புறம் மட்டும் அச்சிட்டு மறுபுறம் கசிவதை நம்பிவிடுகிறார்கள். முன்பக்கம் கருநீலம், பின்பக்கம் துவைத்து வெளுத்த ஜீன்ஸ் நிறம். கொடிச் சட்டம் என்று நாம் சொல்லும் இந்தியக் கொடி விதித்தொகுப்பு (2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருப்பது) ஸ்கிரீன் பிரின்டிங், ஸ்டென்சில், எம்பிராய்டரி எல்லாவற்றையும் அனுமதிக்கிறது, இரு புறமும் முழுமையாகத் தெரிய வேண்டும் என்ற நிபந்தனையோடு. எம்பிராய்டரி என்றால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். நூல் பிசிறும் ஒட்டுத்துணியும் தெரிந்தால் அது சுவரில் மாட்டத்தான் லாயக்கு.

அடுத்து ஆரக்கால்கள். 24 இருக்க வேண்டும். கடையில் நின்று 24 எண்ணினால் எங்காவது தவறும். கால்வட்டத்தை மட்டும் எண்ணுங்கள்: உச்சியில் நேராக நிற்கும் ஆரக்காலுக்கும் வலப்பக்கம் கிடையாகப் படுத்திருக்கும் ஆரக்காலுக்கும் இடையே சரியாக 5 இருக்க வேண்டும். 4 இருந்தால் மொத்தம் 20, 3 இருந்தால் 16. இரண்டு கணக்கிலும் கொடி விற்கிறார்கள், குறிப்பாகச் சட்டையில் குத்தும் பேட்ஜிலும் சின்ன மேசைக் கொடியிலும். வட்டத்தின் உள்விளிம்பில், இரண்டிரண்டு ஆரக்கால்களுக்கு நடுவே, சிறு அரைவட்டப் புள்ளி ஒன்று உண்டு. நெருங்கிப் பார்த்தால்தான் தெரியும். அச்சடித்தவர் எந்தப் படத்தை வைத்துத் தகடு எடுத்தார் என்பதை அந்தப் புள்ளி காட்டிக்கொடுக்கும். புள்ளி இல்லையென்றால் மற்ற அளவுகளையும் சந்தேகப்படுங்கள்.

பிறகு விட்டம். குறுக்கே ஒரு முறை, நெடுக்கே ஒரு முறை அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இல்லாமல் சக்கரம் முட்டை வடிவில் இருக்கும் கொடிகள் நிறைய. காரணம் கம்ப்யூட்டரில்தான்: 3:2 விகிதத்தில் வரைந்த படத்தை வேறு அளவுத் துணிக்கு இழுத்துப் பொருத்திவிடுகிறார்கள். துணி நீள, சக்கரமும் நீள்கிறது.

அளவு: 3×5 அடியை வாங்காதீர்கள்

கொடிக்கான இந்தியத் தரநிலையின் எண் ஐ.எஸ். 1. இந்தியா தனக்காக எழுதிக்கொண்ட தரநிலைகளில் முதல் எண் சிமென்டுக்கோ இரும்புக்கோ போகவில்லை, கொடிக்குத்தான் போனது. 1951-ல் வந்து, 1968-ல் திருத்தப்பட்ட அந்தத் தரநிலையில் 9 அளவுகள் உண்டு. மில்லிமீட்டரில்: 6300×4200, 3600×2400, 2700×1800, 1800×1200, 1350×900, 900×600, 450×300, 225×150, 150×100. கடைசி மூன்றுக்கும் தனி வேலை: 450×300 முக்கியப் பிரமுகர்களின் விமானத்துக்கு, 225×150 காருக்கு, 150×100 மேசைக்கு. வீட்டுக்கும் பள்ளிக்கும் நமக்குத் தேவைப்படுவது நடுவில் உள்ள மூன்று.

அவற்றின் சக்கர விட்டம் இவ்வளவு இருக்க வேண்டும்: 1800×1200-க்கு 370 மி.மீ., 1350×900-க்கு 280, 900×600-க்கு 185. கடைசியை எடுத்துக்கொள்ளுங்கள். 600-ஐ மூன்றாகப் பிரித்தால் பட்டை 200 மி.மீ.; சக்கரம் 185; மேலும் கீழும் 7.5 மி.மீ. வெள்ளை தெரிய வேண்டும். அதாவது சுண்டுவிரல் நுனி அகலம்கூட இல்லை. கடைக் கொடிகளில் சக்கரத்தைச் சுற்றி இரண்டு விரற்கடை வெள்ளை விட்டிருப்பார்கள். அச்சு காவியிலோ பச்சையிலோ ஏறிவிடுமோ என்ற பயத்தில் சின்னதாகப் போட்டுவிடுவதுதான் காரணம். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. தரமான கொடியை அருகில் வைத்தால் மற்றது சக்கரம் தேய்ந்ததுபோல் நிற்கும்.

ஆன்லைனில் அதிகம் தென்படும் அளவு 3×5 அடி. வெளிநாட்டுக் கொடி வியாபாரத்தில் ஓடும் ரெடிமேட் அளவு அது. நம் விகிதத்துக்குப் பொருந்தாது. 3 அடி அகலமென்றால் நீளம் 4½ அடி இருக்க வேண்டும். 2×3, 4×6 சரி. 2×4, 3×5 தவறு. 1947 தீர்மானத்தில் விகிதத்துக்கு முன் 'சாதாரணமாக' என்றொரு சொல் இருக்கிறது, நேருவும் அதைச் சுட்டிப் பேசினார் என்பது உண்மைதான். ஆனால் இன்றைய விதித்தொகுப்பு 3:2 என்று தெளிவாகச் சொல்லிவிட்டதால், கடைக்காரருக்கு அந்தச் சொல் கைகொடுக்காது.

மூன்று பட்டையும் சமமா என்று பார்க்க டேப்பும் வேண்டாம். வேட்டி மடிப்பதுபோல் நீளவாக்கில் மூன்றாக மடியுங்கள். தையல்கோட்டில் மடிப்பு விழுந்து, மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். ஒரே துணியில் மூன்று நிறமும் அச்சிட்டு வெட்டிய கொடிகளில் வெள்ளை எப்போதும் அரை அங்குலம் அதிகமாக நிற்கும். மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் மடித்துத் தைக்கும்போது காவியும் பச்சையும் தையலுக்குள் போய்விடுகின்றன. அதற்கான துணியைக் கூட்டி விட்டு அச்சிட்டிருக்க வேண்டும், விடுவதில்லை.

எந்தக் கம்பத்துக்கு எந்த அளவு என்பதற்கு ஒரு கைக்கணக்கு: கொடியின் நீளம் கம்ப உயரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள். 20 அடிக் கம்பத்துக்கு 6 அடிக் கொடி (1800×1200) எடுப்பாக இருக்கும். மொட்டை மாடியில் நிற்கும் 10 அடிக் குழாய்க்கு 900×600 போதும். அதில் பெரிய கொடி கட்டினால் காற்றடிக்கும்போது குழாய் வளையும், கொடியின் கீழ்நுனி கைப்பிடிச் சுவரில் உரசும். கொடி தரையிலோ தண்ணீரிலோ படக்கூடாது என்பது விதி. சுவரில் உரசினால் விதிக்கு முன்னால் துணி போய்விடும்.

கதர்க் கொடி: காசுக்குத் தகுந்த சரக்கு, ஆனால் பழகத் தெரிய வேண்டும்

தீர்மானம் நிறைவேறிய அன்று நேரு சபையில் காட்டியவை இரண்டு கொடிகள்: ஒன்று பட்டு, மற்றது பருத்திக் கதர். பட்டின் ஒரு மாதிரியைச் சென்னைக்காரர்கள் கண்ணாலேயே பார்க்கலாம்; 1947 ஆகஸ்ட் 15 விடியலில் புனித ஜார்ஜ் கோட்டையில் ஏற்றிய சுமார் 12 அடிக்கு 8 அடிப் பட்டுக் கொடி கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடைக்கு வருவது பருத்திக் கதர்.

இதில் இரண்டு துணிகள். கொடியின் உடல் பன்டிங் எனப்படும் நெசவு. கயிறு நுழையும் இடப்பக்கப் பட்டை டக் எனப்படும் தடித்த, பழுப்பு வெள்ளைத் துணி. பார்த்தால் கேன்வாஸ் மாதிரி இருக்கும். நூற்பு, நெசவு, வெளுப்பும் சாயமும், சக்கர அச்சு, தையல், கயிறும் கட்டையும் பூட்டுதல் என்று ஆறு கட்டமாக வேலை நடக்கிறது. கர்நாடகத்தில் ஹூப்ளி பெங்கேரியில் இருக்கும் கர்நாடகக் கதர் கிராமோத்யோக சம்யுக்த சங்கம் இதற்குப் பெயர்போன இடம். தமிழ்நாட்டில் கதர்க் கொடி தேடுபவர்கள் காதி பவன், காதி கிராஃப்ட், சர்வோதய சங்கக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். ஆகஸ்ட் 10-க்கு மேல் போனால் கேட்ட அளவு இருக்காது. ஜூலையிலேயே சொல்லிவைப்பது நல்லது.

'கதர்' என்று சொன்னால் மட்டும் போதாது, ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 1 என்ற எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணை அடித்தால் உரிமம் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று வந்துவிடும். முத்திரையில்லாத கதர்க் கொடி சட்டவிரோதம் என்று பொருளல்ல. ஆனால் கதர் விலையைக் கேட்டுவிட்டு முத்திரையைக் காட்ட மறுத்தால் கடையை விட்டு இறங்கிவிடலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: மூன்று பட்டையும் தனித்தனித் துணியாக, ஒவ்வொன்றும் முழுக்கச் சாயம் ஏறியதாக இருக்க வேண்டும். இணைப்புத் தையல் இரு புறமும் ஒரே சீராக ஓடி, விளிம்பு உள்ளே மடிந்திருக்க வேண்டும். கம்பத்துக்கு எதிர்ப்புற ஓரத்தில் தையல் இரட்டையாக இருந்தால் நல்லது. காற்றில் சாட்டைபோல் சொடுக்கி முதலில் பிய்வது அந்த ஓரம்தான். துணியில் அங்கங்கே நூல் தடித்திருப்பது குறையல்ல, கைந்நூலின் குணம் அது.

கயிற்றின் மேல்முனையில் சிறு மரக்கட்டை ஒன்று குறுக்கே கோத்திருக்கும், கீழ்முனை வெறும் கயிறாகவோ கண்ணியாகவோ இருக்கும். கட்டை இருக்கும் முனை காவிப் பக்கம். இந்த ஒரு சின்னக் கட்டைக்காகவே கதர்க் கொடிக்கு மதிப்பெண் கூட்டிப் போடலாம். இருட்டில் கட்டினாலும் கையில் கட்டை தட்டுப்பட்டால் அதுதான் மேல். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 அன்று எங்காவது கொடி தலைகீழாக ஏறிச் செய்தியாவது ஏன் என்று பார்த்தால், பெரும்பாலும் இரண்டு முனையிலும் ஒரே மாதிரி நாடா தைத்த மலிவுக் கொடியாக இருக்கும்.

குறைகளும் உண்டு. பருத்தி மழையைக் குடிக்கும். நனைந்த 6 அடிக் கதர்க் கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு பறக்காது. மெல்லிய காற்றுக்கும் அசையாது. ஆகஸ்ட் காலையில் காற்றே இல்லாத நாளில் கதர் தொங்கும், பாலியெஸ்டர் பறக்கும். இதில் கதருக்காக வாதாட முடியாது. சாயம் சரியாக நிற்காத சரக்கில் பச்சை வெள்ளைக்குள் இறங்கும். வாங்கிய அன்றே ஈரக் கைக்குட்டையின் ஒரு முனையைப் பச்சையில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் பச்சை ஏறினால், முதல் மழையில் வெள்ளையிலும் ஏறும்.

பாலியெஸ்டர்: வீட்டுக்கு இது போதும், சில நிபந்தனைகளோடு

2021 டிசம்பர் 30 வரை கைந்நூற்புக் கைநெசவுத் துணியில்தான் கொடி செய்யலாம் என்று விதி இருந்தது. அன்றைய திருத்தம் இயந்திரத்தில் செய்த துணியையும் பாலியெஸ்டரையும் சேர்த்துக்கொண்டது. அடுத்த ஆகஸ்டில் வீட்டுக்கு வீடு கொடி இயக்கம் வந்தபோது அஞ்சலகங்களில் 20×30 அங்குலக் கொடி 25 ரூபாய்க்குக் கிடைத்தது இந்தத் திருத்தத்தால்தான். கைத்தறியில் அந்த விலைக்கு இடப்பக்கப் பட்டைகூட வராது. கதர் சங்கங்கள் இந்தத் திருத்தத்தை எதிர்த்ததில் நியாயம் இருக்கிறது. சாதாரண வீட்டுக்கு ஒரு கொடி எட்டும் விலைக்கு வந்ததும் உண்மை.

20×30 விகிதத்தில் சரி. பட்டை ஒவ்வொன்றும் 6½ அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலும், சக்கரம் சுமார் 6 அங்குலமும் வர வேண்டும். இந்த விலைப் பிரிவில் யார் விற்றாலும் பார்க்க வேண்டிய குறைகள் நான்கு. ஓரத்தைத் தைக்காமல் சூட்டில் உருக்கி வெட்டியிருப்பது ஒன்று. சில நாள் காற்றில் அது நூல்நூலாகப் பிரியும். துணி அவ்வளவு மெல்லியதாக இருந்து, வெயிலில் காவியும் வெள்ளையும் ஒன்றுபோல் ஒளி ஊடுருவித் தெரிவது இன்னொன்று. காவி சில கட்டுகளில் ஆரஞ்சாகவும் சிலவற்றில் செங்கல் நிறமாகவும் வருவது மூன்றாவது. பத்துக் கொடி வாங்கினால் ஒரே கட்டிலிருந்து வாங்குங்கள். நான்காவது, குச்சி நுழைக்கும் உறை இரு முனையும் திறந்திருப்பது. எந்தப் பக்கமிருந்தும் குச்சி நுழையும், எனவே எந்தப் பக்கமும் மேலாகும். வீட்டுக்கு வந்ததும் காவிப் பக்க முனையை நாலு தையல் போட்டு மூடிவிட்டால் குச்சி பச்சைப் பக்கமிருந்து மட்டும்தான் நுழையும். தலைகீழாகும் பேச்சே இல்லை.

நீண்ட நாள் வெளியே பறக்கவிட வேண்டுமென்றால் 25 ரூபாய் வகையை விட்டுவிட்டு, மூன்று பட்டையும் தனித்தனியாகத் தைத்த, நெய்த பாலியெஸ்டரைத் தேடுங்கள். பின்னல் துணியில் (பனியன் துணிபோல் இழுத்தால் நீள்வது) ஒரு கண்ணி அறுந்தால் ஓட்டம் விட்டுக்கொண்டே போகும். நெய்ததில் அந்தத் தொல்லை இல்லை. 2022 ஜூலைத் திருத்தத்துக்குப் பிறகு வீட்டில் இரவு பகலாகக் கொடி பறக்கலாம் என்பதால் பலர் ஆகஸ்டில் கட்டியதைத் தீபாவளி வரை இறக்குவதில்லை. கிழிந்த கொடியும் கசங்கி அலங்கோலமான கொடியும் பறக்கக்கூடாது என்ற விதி அப்படியே இருக்கிறது. மெல்லிய பாலியெஸ்டர் தொடர்ந்து வெயிலிலும் காற்றிலும் நின்றால் ஓரம் நார்நாராகிவிடும். வாரத்துக்கு ஒரு முறை ஓரத்தைப் பார்க்க முடியாதவர்கள் மாலையில் இறக்கிவிடுவதே நல்லது.

பில்லையும் பாருங்கள். தேசியக் கொடிக்கு, கதரானாலும் பாலியெஸ்டரானாலும், ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. கம்பம், ஸ்டாண்டுக்கு அந்தச் சலுகை இல்லை.

மேசைக் கொடி, காகிதம், கார்

மேசைக் கொடியில் குறை அதிகம், விலையும் அதிகம். 150×100-க்குச் சக்கரம் 25 மி.மீ.; அந்தச் சிறிய வட்டத்தில் 24 ஆரக்காலும் பிரிந்து தெரிய நல்ல அச்சு வேண்டும். பெரும்பாலானவற்றில் நடுவில் மை கூடி ஒரு நீலப் பொட்டாகிவிடுகிறது. இரட்டைக் கொடி ஸ்டாண்டு வாங்கினால் இன்னொரு கவனம்: வேறு எந்தக் கொடியும் தேசியக் கொடியைவிட உயரமாகவோ அதற்குச் சமமாகவோ நிற்கக்கூடாது, மற்ற நாட்டுக் கொடிகளுக்குத்தான் சம உயரம். சங்கக் கொடியையும் தேசியக் கொடியையும் ஒரே உயரத்தில் நிறுத்தும் ஸ்டாண்டுகள் இந்த விதியில் அடிபடும்.

காகிதக் கொடி குழந்தைகள் கையில் அசைக்க அனுமதிக்கப்பட்டதுதான். விழா முடிந்து தரையில் கிடக்க விடக்கூடாது, அவ்வளவே. ஐந்நூறு கொடி வாங்கும் பள்ளி, திரும்ப வாங்கிப் போட ஒரு பெட்டியையும் வாசலில் வைத்துவிட வேண்டும். கொடியின் மேல் கடைப் பெயரோ நன்கொடையாளர் பெயரோ அச்சிட்டுக் கொடுப்பதாகச் சொல்லும் அச்சகத்தைத் தவிர்த்துவிடுங்கள். கொடியில் எழுத்தே கூடாது. பிளாஸ்டிக் கொடி 2022 ஜூலை 1 முதல் ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் தடைப்பட்டியலில் இருக்கிறது. பளபளவென்று காகிதம் மாதிரி இருப்பதைக் கிழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: காகிதம் கிழியும், பிளாஸ்டிக் இழுபடும்.

கார் முகப்பில் மாட்டும் கொடிக்கம்பி எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். காரில் கொடி பறக்கவிடும் உரிமை குடியரசுத் தலைவர், ஆளுநர், பிரதமர், அமைச்சர்கள், நீதிபதிகள் என்று நீளும் ஒரு பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டுமே. வண்டியின் மேற்கூரை, பானெட், பக்கவாட்டில் கொடியைப் போர்த்துவதும் கூடாது. அவமதிப்பு என்று வழக்கானால் 1971 தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ உண்டு. விற்பவர் இதைச் சொல்வதில்லை.

செங்குத்தாகத் தொங்கவிடும் பேனர் வகைக் கொடி கல்யாண மண்டபங்களிலும் கல்லூரி அரங்குகளிலும் ஓடுகிறது. பார்ப்பவருக்குக் காவி இடக்கைப் பக்கம் வர வேண்டும். சக்கரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்: 24 ஆரக்கால், கால்வட்டம் திருப்பினாலும் அதே உருவம்தான். பழைய ராட்டை இருந்திருந்தால் இங்கே பக்கவாட்டில் கவிழ்ந்து கிடந்திருக்கும்.

கட்டுவதும் ஏற்றுவதும்

நல்ல கொடி வாங்கியும் விழாவில் மானம் போவது கட்டும் இடத்தில். உச்சியில் போய் அவிழ வேண்டிய பொட்டலம் அவிழாமல் நிற்க, சிறப்பு விருந்தினர் கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பார். காரணம் மூன்றில் ஒன்று.

முதலாவது முடிச்சு. பொட்டலத்தைச் சுற்றும் கயிற்றில் இழுத்தால் உருவிக்கொள்ளும் உருவு முடிச்சுதான் போட வேண்டும், ஒரே ஒரு சுற்று. "அவிழ்ந்துவிடக்கூடாதே" என்று ஒருவர் மேலே இன்னொரு முடிச்சு போட்டுவிடுவார், கதை முடிந்தது. இரண்டாவது கயிறு. நார்க்கயிறு இரவுப் பனியில் நனைந்து உப்பி முடிச்சை இறுக்கும். எனவே முந்தின இரவே கட்டி வெளியில் வைக்காதீர்கள். நைலான் கயிறு எதிர்ப்பக்கம்: வழுக்கிப் பாதி வழியிலேயே அவிழும். கொடியோடு வந்த கயிற்றையே பயன்படுத்துவது உத்தமம். மூன்றாவது பூ. சிறப்பு நாட்களில் கொடிக்குள் பூவிதழ் வைக்க விதி இடம் கொடுக்கிறது. ஒரு கைப்பிடி உலர்ந்த ரோஜா இதழ் போதும். பை நிறையக் கொட்டினால் பொட்டலம் பருத்துக் கப்பியில் முட்டும். ஈரச் செவ்வந்தியை வைத்தால் வெள்ளைப் பட்டையில் மஞ்சள் கறை நிற்கும், கதரிலிருந்து அது போகாது.

கப்பியை விழாவுக்கு முதல் நாள் வெறும் கயிறு ஓட்டிச் சோதித்துவிடுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் சுழலும் கப்பி துருப்பிடித்துத்தான் இருக்கும். ஏற்றும்போது விறுவிறுப்பாக, இறக்கும்போது மெதுவாக. துக்க நாளில் அரைக்கம்பத்தில் விட வேண்டுமென்றால் முதலில் உச்சி வரை ஏற்றி, பிறகுதான் பாதிக்கு இறக்க வேண்டும். இறக்கும் முன்பும் ஒருமுறை உச்சிக்குப் போக வேண்டும்.

துவைத்தல், மடித்தல், பிறகு

கதரைக் குளிர்ந்த நீரில், சோப்பு நுரையில் ஊறப்போடாமல் அலசி, நிழலில் காவி மேலிருக்க விரித்து உலர்த்துங்கள். பச்சைப் பட்டை வெள்ளையின்மேல் படிய மடித்து ஈரத்தோடு வைத்தால் மறுநாள் வெள்ளையில் பச்சை இருக்கும். கஞ்சி போட வேண்டாம். பெட்டிக்குள் பூச்சி வரும். பாலியெஸ்டருக்கு இஸ்திரிப்பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் வையுங்கள், சக்கரத்தின்மேல் நேராக வைக்காதீர்கள்.

மடிக்க, கொடியைக் கிடையாகப் பிடித்துக் காவியையும் பச்சையையும் வெள்ளைக்குப் பின்னால் மடியுங்கள். பிறகு இடமிருந்தும் வலமிருந்தும் பின்னுக்கு மடித்து வந்தால், காவியும் பச்சையும் ஓரத்தில் கொஞ்சம் தெரிய, சக்கரம் மட்டும் மேலே நிற்கும். அப்படியே இரு உள்ளங்கையிலும் ஏந்திப் பெட்டியில் வைக்கலாம்.

கிழிந்த கொடியைத் துடைக்கும் துணியாக்கக்கூடாது, குப்பையில் போடக்கூடாது. பிறர் பார்வையில் படாமல் முழுசாக, எரித்தோ கண்ணியமான வேறு முறையிலோ அழிக்கச் சொல்கிறது விதித்தொகுப்பு. கதர் சில நிமிடத்தில் சாம்பலாகிவிடும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டும், கரும்புகை வரும்; மொட்டை மாடியில் கொளுத்திப் பார்த்துத் திண்டாடாமல் வெள்ளைத் துணியில் சுற்றி ஆழமாகப் புதைத்துவிடலாம், அல்லது ஆகஸ்ட் 15-க்குப் பிறகு கொடிகளைத் திரும்பப் பெறும் உள்ளூர் அமைப்பு இருந்தால் அங்கே கொடுத்துவிடலாம். கதர்க் கொடியோடு வந்த கயிற்றையும் மரக்கட்டையையும் மட்டும் முன்னதாக உருவி எடுத்து வையுங்கள். அடுத்து வாங்கும் கொடியில் கட்டை இல்லையென்றால் காவிப் பக்கம் கோத்துக்கொள்ளலாம்.